எட்டு வாட்ச், ஒரு நெஞ்சு

“நான் பேசறது காதுல விழுதா இல்லியா? அந்த வாட்ச் பகல்ல ஒரு நாளும் என் கையில இருந்ததில்ல. அதை ஒரு பேப்பர்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடு. உங்கிட்ட வேற எதையும் நான் கேக்கல.”

“முனிலட்சுமி, கத்தாத. பால் ஊத்துற எடம் இது.”

“தெரிஞ்சுதான் வந்தேன். உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னா நாய அவுத்து விடுவீங்க.”

மாரன்கொட்டாய் பால் சொசைட்டியில் காலை ஆறே முக்காலுக்கு யாருக்கும் நிற்க நேரமிருக்காது. பாலை ஊற்றினோமா, சீட்டை வாங்கினோமா என்று ஓடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஊற்றி முடித்தவர்களும் காலிக் கேனைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றுவிட்டார்கள். கொழுப்பு பார்க்கிற கங்கப்பன், ஒரு வார்த்தைகூடத் தவறிவிடக் கூடாது என்று மெஷினையே அணைத்துவிட்டார். கேட்டால், கரண்ட் போய்விட்டது என்பார். தலைக்கு மேல் ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

சண்டையைவிட ஊரை உலுக்கியது அந்த ‘நீ’தான். நவீன்குமார் யார்? சொசைட்டித் தலைவர் சிவராஜின் ஒரே மகன். ஊருக்கு மேற்கே தெரிகிற மாந்தோப்பு முழுக்க அவர்களுடையது. முனிலட்சுமியின் மாமனார் அந்தத் தோப்பில் காய் பறித்தவர், புருஷன் திம்மப்பன் அங்கேதான் டிராக்டர் ஓட்டுகிறான். அவர்கள் வீட்டில் நவீன்குமாரைச் ‘சின்னய்யா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முனிலட்சுமி கொஞ்சம் வெளியூர் பார்த்தவள் என்பதால் ‘அண்ணா’ என்பாள். அதற்கே சிவராஜின் சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கேட்கும்படி ‘குடு’ என்கிறாள்.

“எட்டுப் பேருக்கும் நெஞ்சுல கோளாறுன்னு கம்பெனிக்கு லிஸ்ட் குடுத்தது யாரு?”

“லிஸ்ட் நான் குடுக்கல. சிஸ்டம் குடுத்துச்சி.”

“சிஸ்டம் யாருது?”

கங்கப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நவீன்குமாருக்குக் காது மடல் சிவந்தது. ஆனாலும் படித்தவன் அல்லவா, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“இங்க பாரு. நாளைக்குப் பெங்களூர்லருந்து பெரிய ஆளுங்க வராங்க. நம்ம வாட்ச்ச பத்தி வீடியோ எடுக்கறாங்க. நீங்க எட்டுப் பேரும் வந்து நின்னு, இந்த வாட்ச்தான் எங்க உசுரக் காப்பாத்துச்சின்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க. அப்புறம் நானே எச்.ஆர். கிட்ட பேசறேன். ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வாங்கி எல்லாரையும் திரும்ப உள்ள அனுப்பறது என் பொறுப்பு.”

“மங்கம்மா அக்காவ எங்க நிக்க வெப்ப?”

அவன் திரும்பி நடந்தான். காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். கங்கப்பன் மெஷினைப் போட்டார். கரண்ட் வந்துவிட்டது.

இந்த எட்டுப் பேர் கதையை ஊருக்குள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது இதுதான்.

போச்சம்பள்ளி சிப்காட்டில் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. மாரன்கொட்டாயிலிருந்து எட்டுப் பெண்கள் அங்கே காண்ட்ராக்டில் வேலை. விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வரும், மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். எட்டு மணி நேரமும் லைனில் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். உள்ளே போகும்போது தோடு, ஹேர்பின், செல்போன் எல்லாவற்றையும் லாக்கரில் போட்டுவிட வேண்டும். எலக்ட்ரானிக் சாமான் ஒன்றும் உள்ளே போகாது.

நவீன்குமார் பெங்களூரில் படித்து, அங்கேயே இரண்டு வருஷம் வேலை பார்த்து, அப்புறம் ஓசூரில் ஒரு மாடியைப் பிடித்துச் சொந்தக் கம்பெனி ஆரம்பித்தான். உழைக்கிற பெண்களின் உடம்பை ஆராய்ச்சி செய்து, வியாதி வருவதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துச் சொல்லும் மெஷின் என்று சொன்னான். சிவராஜ் தேங்காய் உடைத்தார். நாமும் கைதட்டினோம். ஊர்ப் பையன் பெரிய ஆளானால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும் என்றதும் இந்த எட்டுப் பேரைக் கூப்பிட்டான். ஆளுக்கொரு கறுப்புப் பட்டை கொடுத்தான். அது மணி காட்டாது, ஆனாலும் ஊரில் அதற்கு வாட்ச் என்றே பேர். நாடித் துடிப்பு, நடை, தூக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுமாம். கம்பெனி வாசலில் மட்டும் கழற்றி லாக்கரில் வைக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் கையில் இருக்க வேண்டும். இங்கிலீஷில் நாலு பக்கம் பேப்பர், எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பேர் வெளியே போகாது என்று வாயால் சொன்னான். தினமும் பத்தாயிரம் அடி நடந்தால் மாதக் கடைசியில் ஒரு குக்கர் என்றும் சொன்னான். நாலு பக்கத்தில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, குக்கரை மட்டும் எட்டுப் பேரும் சரியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

லைனில் நிற்கிறவள் பத்தாயிரம் அடிக்கு எங்கே போவாள்? வீட்டுக்கு வந்து சமைத்து, துவைத்து, படுத்தால் மூவாயிரம்கூடத் தேறாது. முதல் வாரம் எல்லார் நடைக் கணக்கும் சிவப்புதான். அப்போதுதான் பிரவீனாவுக்கு அந்த யோசனை வந்தது. பிரவீனா பிளஸ் டூ முடித்தவள், எட்டுப் பேரில் சின்னவள், கல்யாணம் ஆகாதவள், வாய் கொஞ்சம் நீளம்.

“மங்கம்மா அக்கா ஆட்டுக்குப் பின்னாடி எப்படியும் மலையேறி எறங்குது. அது கையில கட்டிவிட்டா நமக்கென்ன நஷ்டம்?”

மங்கம்மா திம்மப்பனின் அக்கா. ஐம்பது வயசுக்குள்தான் இருக்கும். புருஷன் போன பிறகு தம்பி வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை போட்டுக்கொண்டு, பதினோரு ஆடுகளோடு தனி ராஜ்ஜியம் நடத்தினாள். காலையில் பஸ்ஸுக்குப் போகும் வழியில் எட்டுப் பேரும் தங்கள் வாட்ச்சை அவள் கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒன்பது மணிக்கு அவள் இடது கையில் நாலு, வலது கையில் நாலு என்று முழங்கை வரை மாட்டிக்கொண்டு ஆடுகளை ஓட்டுவாள். அதற்குக் கூலியாக ஒரு பிஸ்கெட் பாக்கெட், அதுவும் ஆடுகளுக்குத்தான். வலது கையில் பட்டை சரியாக இறுகவில்லை என்று முனிலட்சுமியே ஒருநாள் நின்று இழுத்து மாட்டிவிட்டாள்.

“என்னாடி, கல்யாணப் பொண்ணு மாதிரி பண்றீங்க” என்று மங்கம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

மூன்று மாதம் எட்டு வீட்டிலும் புதுக் குக்கர் விசிலடித்தது.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை, கம்பெனி கேட்டில் எட்டுப் பேரின் கார்டும் வேலை செய்யவில்லை. நவீன்குமார் கொடுத்த லிஸ்ட்டில் நெஞ்சு பாதிப்பு என்று இருப்பதால் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். காண்ட்ராக்டில் இருப்பவளிடம் ‘கூப்பிடுகிறோம்’ என்றால் என்ன அர்த்தம் என்று சிப்காட்டில் செக்யூரிட்டியைக் கேட்டால்கூடச் சொல்வார். எட்டுப் பேரும் பயந்துபோய்க் கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரிக்கு ஓடி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எட்டும் நார்மல். அந்தச் சீட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினால், கேட்டைத் தாண்டி வாங்க ஆளில்லை.

அதே வாரம் வியாழக்கிழமை, தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் மலைச்சரிவில் மங்கம்மா விழுந்து கிடந்தாள். ஆடுகள் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. தூக்கிக்கொண்டு போனார்கள். பக்கவாதம். வலது கை போய்விட்டது, பேச்சு போய்விட்டது. நெஞ்சு தாளம் தப்பி அடித்துக்கொண்டிருக்கிறது, அதில் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கிறது என்றார் டாக்டர். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், முன்னமே தெரிந்திருந்தால் மாத்திரை கொடுத்திருப்போம் என்று எல்லாரிடமும் சொல்வதுபோல அவளிடமும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

முன்னமே தெரிந்திருந்தால்.

முனிலட்சுமி அந்தக் கட்டிலருகே நின்றபடியே கணக்கைப் போட்டுவிட்டாள். எட்டு வாட்ச்சும் இவள் கையில். நெஞ்சுக் கோளாறு எங்கள் பேரில். அப்படியென்றால் வாட்ச் பார்த்தது இவளுடைய நெஞ்சைத்தான். நாங்கள் லைனில் நிற்கிற நேரத்தில் வாட்ச் மலையேறியிருக்கிறது. அது நவீன்குமாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சந்தேகம்தான். சொசைட்டியில் சத்தம் போட்டபோதும் அவளிடம் அதற்குமேல் ஒன்றும் இல்லை. மிச்சம் அன்று சாயங்காலம் சாத்துக்குடிப் பையோடு தானாக வீடு தேடி வந்தது.

வந்தவன் மோகன்குமார். நவீன்குமாரிடம் வேலை பார்க்கிறவன், ஜவளகிரிப் பக்கத்துப் பையன். சனிக்கிழமை தோறும் பைக்கில் வந்து எட்டு வாட்ச்சையும் வாங்கி, சார்ஜ் போட்டு, உள்ளே இருப்பதை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு போவான். ஏழு வீட்டில் ஏழு நிமிஷம், பிரவீனா வீட்டில் மட்டும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த வாட்ச்சில் அப்படி என்னதான் கோளாறோ என்று தெருவே கவலைப்பட்டது.

வாசலிலேயே திம்மப்பன் மறித்தான். “என்னா, வீடியோவுக்கு ஆள் புடிக்க வந்தியா?”

“இல்லண்ணா. அக்காவப் பாக்கணும்.”

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மங்கம்மா உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிரவீனா முனிலட்சுமியோடு சண்டை போடுவதற்கென்றே அங்கே வந்திருந்தாள். நாளைக்கு வீடியோவில் பேசத்தான் போகிறேன், எனக்கு வேலை வேண்டும் என்று அரை மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மோகன்குமாரைக் கண்டதும் நிறுத்தினாள்.

அவன் உட்காரவில்லை. சாத்துக்குடியைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

“ரெண்டாவது மாசமே நான் பாத்துட்டேன் அக்கா. எட்டுக் கோடும் ஒரே மாதிரி வருது. ஒரே எடத்துல ஏறுது, ஒரே எடத்துல எறங்குது. ஒரு சனிக்கிழமை இந்த அக்கா கையில எட்டும் இருக்கறத நேர்லயே பாத்தேன். போய் நவீன் சார்கிட்ட சொன்னேன்.”

“என்னா சொன்னான்?”

“சிரிச்சாரு. எட்டுப் பொம்பளைக்கு ஒரே நெஞ்சு, நல்ல சிக்கனம்னாரு. நடை கணக்கு நல்லா இருக்குது, டெமோவுக்கு ஆவும், அப்படியே விடுன்னாரு.”

பிரவீனா சிரிக்கப் போனாள். முனிலட்சுமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அப்புறம்?”

“அப்புறம் தாளம் தப்புறது தெரிஞ்சிச்சி. அவரும் பாத்தாரு. அந்தம்மாகிட்ட சொல்லிடலாமா சார்னு கேட்டேன். வைத்தியம் பாக்கறதுக்கு நமக்குப் பர்மிஷன் இல்ல. சொன்னா, எப்படித் தெரியும்னு எழுதணும். எழுதினா மூணு மாச வேலையும் குப்பைக்குப் போயிடும். ஃபண்டு குடுக்கறவன் ஓடிடுவான்னாரு. அந்த மாசக் கடைசியிலயே உங்க எட்டுப் பேரு பேரையும் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பினாரு. மெஷின் வேலை செய்யுதுன்னு காட்டணுமே.”

“நீ ஏன் வந்து சொல்லல?” என்றாள் முனிலட்சுமி. குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வேலை போயிடும்னு.”

“எங்களுக்குப் போனது என்னா, முடியா?”

திம்மப்பன் வெளியே எழுந்து போனான். அந்தத் தோப்பில்தான் நாளைக்கும் அவன் டிராக்டர் எடுக்க வேண்டும். மங்கம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா, புரிந்ததா, யாருக்கும் தெரியாது. முனிலட்சுமிக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. நவீன்குமார் மேல், இந்தக் கோழைப்பயல் மேல், குக்கர் மேல், வலது கையில் பட்டையை இழுத்து மாட்டிய தன் விரல்கள் மேல். எட்டுப் பேரும் ஏமாற்றினோம், அது தப்புதான். நாங்கள் ஏமாற்றியது ஒரு குக்கருக்காக. அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒரு பெண்பிள்ளை மலையில் விழுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே, ஓசூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, அவள் நெஞ்சு தடுமாறுவதைக் கோடு கோடாகப் பார்த்திருக்கிறான்.

மோகன்குமார் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்தான். அவர்கள் கையெழுத்துப் போட்ட அதே நாலு பக்கம். “இதுல ஒரு காப்பி உங்களுக்குக் குடுத்திருக்கணும். குடுக்கல. கடைசிப் பக்கம் படிங்க.”

பிரவீனாதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஆராய்ச்சியில் ஏதாவது தவறு நடந்தால், இதில் சம்பந்தப்படாத பெரியவர்கள் கமிட்டி ஒன்று இருக்கிறது, அவர்களிடம் புகார் சொல்லலாம் என்று போட்டு, கீழே ஒரு போன் நம்பர்.

“கமிட்டியில யாரு இருக்காங்க?” என்று கேட்டாள் முனிலட்சுமி.

“தெரியாது அக்கா. நான் யாரையும் பாத்ததில்ல.”

மறுநாள் ஒன்பது மணிக்குச் சொசைட்டி வாசலில் வாழைமரம் கட்டவில்லை என்பதுதான் குறை. வெள்ளைக் கார் ஒன்று வந்தது. கேமராக்காரர்கள் இரண்டு பேர், கூடவே ஒரு மேடம். காட்டன் சேலை, குட்டை முடி, கழுத்தில் பாசிமணி. பணம் போடப் போகிற கம்பெனியிலிருந்து வந்திருந்தார். சிவராஜ் இளநீர் வெட்டிக் கொடுத்தார். எட்டுப் பேரையும் வரிசையாக நிற்கவைத்து, கையில் வாட்ச்சை மாட்டினார்கள். அந்தக் கைகளில் அது அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

முதலில் பேரைக் கேட்டார்கள். முனிலட்சுமி பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். நல்லா இருக்கீங்களா என்றதற்குத் தலையாட்டினாள். கேமரா அதையெல்லாம் எடுத்துக்கொண்டது.

அப்புறம் மேடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நவீன்குமார் தமிழில் மாற்றினான். “இந்த வாட்ச் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு கேக்கறாங்க.”

நவீன்குமார் எல்லாவற்றையும் யோசித்திருந்தான், ஒன்றைத் தவிர. கல்யாணத்துக்கு முன்னால் முனிலட்சுமி அத்திப்பள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் இரண்டு வருஷம் தைத்தவள். சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியதும் கன்னடத்தில், திருப்பிக் கொடுத்ததும் கன்னடத்தில்.

“மேடம், ஒந்து மாத்து” என்றாள்.

ஒரு வார்த்தை என்று கேட்டுக்கொண்டு ஆரம்பித்தவள் ஐந்து நிமிஷம் நிறுத்தவில்லை. மேடத்தின் முகம் மாறியது, அவரும் கன்னடத்துக்கு மாறினார். நவீன்குமார் நடுவில் இரண்டு தடவை இங்கிலீஷில் புகுந்தான். மேடம் அவன் பக்கம் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். மாரன்கொட்டாயில் பாதிப் பேருக்குக் கன்னடம் தெரியும், மீதிப் பேருக்கு அவர்கள் சொன்னார்கள். ஆணியில் மாட்டிய வாட்ச், மலை, எட்டு நார்மல் ஈ.சி.ஜி., கட்டிலில் கிடக்கிற மங்கம்மா, ஒன்றையும் விடவில்லை. தாங்கள் செய்த திருட்டையும் சேர்த்தே சொன்னாள். குக்கர் என்ற வார்த்தை வந்தபோது மற்ற ஏழு பேரும் காலைப் பார்த்துக்கொண்டார்கள்.

“இவங்க சொல்றது தப்புங்க மேடம்” என்று நவீன்குமார் தமிழுக்கே வந்துவிட்டான். “வேலை போன ஆத்திரத்துல பேசறாங்க. எங்களுக்குத் தனிக் கமிட்டி இருக்குது. குறை இருந்தா அங்க சொல்லலாம். யாருமே இதுவரைக்கும் சொன்னதில்ல.”

“சொல்றேன்” என்றாள் முனிலட்சுமி. அவள் மனசில் அப்போது எந்தத் திட்டமும் இல்லை, சத்தியமாக இல்லை. பெரியவர்கள் யாரோ எடுப்பார்கள், மேடத்தையும் வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். பேப்பரைப் பார்த்து நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

நவீன்குமாரின் பேன்ட் பாக்கெட்டில் போன் அடித்தது.

கையில் ஒரு போன் வைத்திருந்தான். அடித்தது இன்னொன்று. அவசரமாக உள்ளே கையை விட்டு அமுக்கினான். சத்தம் நின்றது. முனிலட்சுமி காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். தப்பாக அழுத்திவிட்டோமோ என்று மறுபடி பேப்பரைப் பார்த்து அழுத்தினாள். மறுபடி அதே பாக்கெட். இந்தத் தடவை அவன் அணைக்கவில்லை. அணைத்து என்ன ஆகப் போகிறது? போன் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

“எடுங்க தம்பி, பெரியவங்க கமிட்டி பேசுவாங்க” என்றார் கங்கப்பன்.

மேடம் கன்னடத்திலேயே கேட்டார், இது உன் நம்பரா என்று. தற்காலிகமாகப் போட்டது, கமிட்டி அமைக்கிற வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றான். அப்புறம் முனிலட்சுமியைப் பார்த்தான். அதுவரை அவன் முகத்தில் இல்லாத ஒரு கெஞ்சல் இருந்தது.

“நான் கெட்டது நெனச்சா செஞ்சேன்? இந்த மெஷின் முழுசா வந்துச்சின்னா பத்து லட்சம் பேர் உசுரக் காப்பாத்தும். அதுக்காகத்தான் கொஞ்சம் பொறுத்துக்கிட்டேன்.”

“பத்து லட்சம் பேரு எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. இவ ஒருத்தி உங்க தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தா. ஒரு சத்தம் குடுத்திருந்தா கேட்டிருக்கும். பொறுத்துக்கிட்டது நீயா, அவளா?”

அவன் மேடத்தின் பக்கம் திரும்பினான்.

“பேசு. உன் மெஷின்ல இதுக்குப் பதில் வராதா?”

“போதும், நிறுத்தும்மா” என்று சிவராஜ் இளநீர்க் கத்தியோடு முன்னால் வந்தார். கத்தி கையில் இருப்பது அவருக்கே அப்புறம்தான் தெரிந்தது. கீழே வைத்தார். “சின்னஞ்சிறுசுங்க, ஏதோ தெரியாம நடந்துபோச்சி. வீட்ல உக்காந்து பேசிக்கலாம்.”

“தெரிஞ்சிதான் நடந்துச்சி ஐயா” என்றான் மோகன்குமார். குடை பிடித்துக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றவன், குடையை மடக்கிவிட்டு வந்தான். “நான்தான் சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்.”

பிரவீனா கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “அந்த நேரத்துல நானும் லைன்லதான் இருந்தேன் மேடம். கேட்ல கார்டு அடிச்சிருக்கேன், வேணும்னா பாத்துக்குங்க.” மற்ற ஆறு பேர் கழற்றவில்லை. அவர்களை என்ன சொல்ல? மூன்று பேருக்குக் குழுக் கடன் இருந்தது.

மேடம் பேப்பரின் கடைசிப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார். மங்கம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். போய்ப் பார்த்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். பாதி குடித்த இளநீர் சொசைட்டித் திண்டின் மேலேயே இருந்தது. அந்தப் பணம் வரவில்லை. அவர் செய்தது அவ்வளவுதான். அதற்குமேல் செய்வார் என்று முனிலட்சுமி இரண்டு மாதம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்ட பேப்பர் கடைசியில் வந்தது. எழுதிக் கொடுத்தவன் நவீன்குமார் அல்ல, மோகன்குமார். எட்டுக் கோடும் ஒன்றாக ஓடுகிற தாள்களை நேரத்தோடு பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு தாளிலும் தன் பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அன்றைக்கே அவன் வேலை போனது. அதைக் கட்டி எடுத்துக்கொண்டு முனிலட்சுமி கம்பெனி கேட்டில் நாலு நாள் நின்றாள். ஐந்தாம் நாள் எச்.ஆர். உள்ளே கூப்பிட்டார். படித்துப் பார்த்தார். சரி, தப்பு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆறு பேருக்குக் கார்டு வேலை செய்தது. முனிலட்சுமிக்கும் பிரவீனாவுக்கும் இப்போது வேகன்சி இல்லை என்றார்கள். எந்த ஆறு, எந்த இரண்டு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோவும் வந்தது. அதை விடுவார்களா? முனிலட்சுமி பேர் சொல்கிறாள், சிரிக்காத குறையாகத் தலையாட்டுகிறாள், பின்னால் புல்லாங்குழல், கீழே இங்கிலீஷில் எழுத்து. ‘இந்த வாட்ச் எனக்கு இரண்டாவது பிறவி கொடுத்தது’ என்று போட்டிருப்பதாகப் பிரவீனா படித்துச் சொன்னாள். முனிலட்சுமி அதை ஒரே ஒரு தடவை பார்த்தாள். போனைத் திம்மப்பனிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் ஆட்டுக்கு வெட்டிய தழையை மறுபடி வெட்டினாள். வெட்டத் தேவையே இல்லாத அளவுக்குச் சின்னதாக வெட்டினாள்.

நவீன்குமார் ஓசூர் மாடியைக் காலி செய்துவிட்டான். கம்பெனிக்கு வேறு பேர் வைத்துக் கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டான் என்கிறார்கள். அங்கே எந்த ஊர்ப் பெண்கள் கையில் எதை மாட்டுகிறானோ. தை மாதம் பெங்களூரில் கல்யாணம், பெண்ணும் கம்ப்யூட்டர்தான். சிவராஜ் வீடு வீடாகப் பத்திரிகை வைத்தார். முனிலட்சுமி வீட்டுக்கு வைக்கவில்லை. போய் வந்தவர்கள் ஒரு வாரம் ஐஸ்கிரீமைப் பற்றியே பேசினார்கள்.

மோகன்குமாருக்கும் பிரவீனாவுக்கும் அதே மாதம் பதிவுத் திருமணம் நடந்தது. வேறு வேறு சாதி, இரண்டு வீட்டிலும் வரவில்லை. ஜவளகிரியில் அவன் ஒரு செல்போன் ரிப்பேர் கடை போட்டிருக்கிறான், அவள் கல்லாவில் உட்காருகிறாள். யானை வரும் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டாளே என்று தெருவில் பேசிக்கொண்டதற்கு, மாரன்கொட்டாயைவிட யானை பரவாயில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

திம்மப்பனுக்கு டிராக்டர் சாவி அந்த வீடியோ நாளோடு நின்றது. மலைக்குப் போகும் வழியில் தோப்பு வேலியையும் நகர்த்திக் கட்டிவிட்டார் சிவராஜ், ஆடு போக இடமில்லை. ஆடுகளைப் பக்கத்துத் தெரு மதுரைவீரன் என்கிறவன் வாங்கிக்கொண்டான். சித்திரை பிறந்ததும் முனிலட்சுமி உத்தனப்பள்ளிக்குக் குடி போனாள். அங்கே தக்காளி தரம் பிரிக்கிற ஷெட்டில் அவளுக்கு வேலை, திம்மப்பன் மினி லாரி ஓட்டுகிறான். மங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். லாரியில் முன்சீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். வலப்பக்கம் சிவராஜ் வீட்டைத் தாண்டும்போது மங்கம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு கோபம் என்று கங்கப்பன் இன்றைக்கும் பால் ஊற்ற வருகிறவர்களிடம் சொல்கிறார்.

வாதம் அடித்த அந்த வலப்பக்கம் அவளால் கழுத்தைத் திருப்ப முடியாது. கோபமெல்லாம் நடுவில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டிருந்த முனிலட்சுமிக்கு.